காவல், தீயணைப்பு, 108 பணியாளர்கள் மனநல சிகிச்சை பெறுவது எப்படி? டெல்டா மாவட்டங்களுக்கான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. இந்த நான்கு மாவட்டங்களில் காவல் நிலையத்திலோ ஆயுதப்படையிலோ தீயணைப்பு நிலையத்திலோ 108 வண்டியிலோ வேலை பார்ப்பவருக்குத் தூக்கம் போய்விட்டால், எங்கே போவது, எந்தக் காகிதத்தை வாங்குவது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் பிடிக்கும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. கூட வேலை செய்பவர்களிடம் கேட்கவும் கூச்சம். "அவனுக்கு மண்டை கழண்டுவிட்டது" என்ற ஒரு பேச்சு ரோல்காலில் (தினசரி வருகைக் கூட்டத்தில்) கிளம்பினால் அடுத்த மாறுதல் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் நியாயமானதுதான்.

சிகிச்சைக்குப் போகாமல் கெட்டவர்கள் உண்டு. போயும், காகிதம் சரியில்லாமல் மெமோ வாங்கி, சம்பளம் நின்று, முன்பைவிட மோசமாக உடைந்தவர்களும் உண்டு. அதனால் இந்தக் கட்டுரை மாத்திரையைப் பற்றிப் பேசுவதைவிடக் காகிதத்தைப் பற்றி அதிகம் பேசும்.

1. சம்பவம் நடந்த முதல் மூன்று நாள்

சாலை விபத்து, தீக்காயம், குழந்தை மரணம், கொள்ளிடத்திலோ கல்லணைக் கால்வாயிலோ மூன்றாம் நாள் எடுத்த உடல். இவற்றுக்குப் பிறகு தூக்கம் கெடுவதும், சோற்றில் கை வைத்தால் குமட்டுவதும், சின்னச் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுவதும், நாற்றம் மூக்கை விட்டுப் போகாததும் இயல்பு. பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் தானாகவே தணியும்.

இந்த மூன்று நாளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பணி முடிந்ததும் முடிந்தால் நிலையத்திலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அந்தச் சீருடையை வீட்டுத் துணியோடு போடாமல் தனியாகத் துவையுங்கள். கறி, மீன் இறங்கவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். தயிர் சோறு, கஞ்சி போதும்.

கைபேசியைக் கவனியுங்கள். பிரேதத்தின் படம், விபத்து இடத்தின் படம் உங்கள் கேலரியில் பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே கிடக்கிறது. நிலைய வாட்ஸ்அப் குழுவில் வரும் படங்களும் தானாகவே அங்கே வந்து சேர்கின்றன. வாட்ஸ்அப் அமைப்பில் படங்கள் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். வழக்குக்குத் தேவையான படங்களை விசாரணை அதிகாரியிடம் முறைப்படி ஒப்படைத்த பிறகு உங்கள் கைபேசியில் இருப்பதை அழியுங்கள். ஒப்படைக்கும் முன் அழிக்க வேண்டாம். அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. மறுநாளே எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, "பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்று கட்டாயப்படுத்துவது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைப்பதில்லை. பேச விரும்புகிறவர் பேசட்டும், மற்றவரை விட்டுவிடுங்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தர வேண்டியது ஓய்வு, சாப்பாடு, வீட்டுக்கு ஒரு போன். அடுத்த நாள் பந்தோபஸ்தை மாற்றிக் கொடுக்க முடிந்தால் அதுவும்.

2. எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒரு மாதம் என்று கணக்கு வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி தானாகக் கண் முன் வந்தால், கனவில் வந்து எழுப்பினால், அந்தப் பாலத்தையோ தெருவையோ தவிர்த்துச் சுற்றிப் போகிறீர்கள் என்றால், வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், எதிலும் ஒட்டாமல் மரத்துப்போன மாதிரி இருந்தால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதைப் பி.டி.எஸ்.டி. என்பார்கள். வேலையே செய்ய முடியாத அளவுக்கு இருந்தால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம்.

ஒரே சம்பவம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து வருடம் வாரத்துக்கு ஒரு தூக்கு, ஒரு விஷம், ஒரு விபத்து என்று பார்த்தவருக்கு எது முதல் என்றே சொல்ல முடியாது. "எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே" என்று ஒதுங்காதீர்கள்.

தேதிகள் தூண்டும். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்திலும், அதே ஆண்டு டிசம்பர் 26 சுனாமியிலும் உடல்களைத் தூக்கியவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அந்த நாள் நெருங்கும்போது ஒவ்வொரு வருடமும் தூக்கம் கெட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. இருபது வருடம் ஆகிவிட்டது என்பதால் வாசல் மூடிவிடவில்லை.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், குறிப்பாக எப்படி என்று மனம் திட்டம் போட ஆரம்பித்தால், இந்தக் கட்டுரையின் மற்ற எதையும் படிக்க வேண்டாம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். இரவு இரண்டு மணி என்றாலும் போகலாம்.

3. முதல் பேச்சு: 14416

டெலி மானஸ் என்ற இந்த எண் 24 மணி நேரமும் இயங்கும். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இதை "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் 2022-இல் தொடங்கினார்கள். முதலில் ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றிவிடுவார். சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இரண்டுக்கும் உங்கள் துறையோடு சம்பந்தமில்லை. எந்த நிலையம் என்று சொல்லாமலே பேசலாம்.

அலுவலக சி.யு.ஜி. எண்ணிலிருந்து அழைக்காமல் சொந்த எண்ணிலிருந்து அழையுங்கள். நிலைய வாசலில் நின்று பேசாமல், அரை மணி நேரம் யாரும் குறுக்கிடாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பேசி முடித்ததும் தேதி, நேரம், அவர்கள் சொன்ன ஆலோசனை ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

காவல்துறைக்குள்ளேயே பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உதவியோடு 2018 முதல் நடத்தப்பட்ட காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி உண்டு. அதில் பயிற்சி பெற்ற சக காவலர் உங்கள் யூனிட்டில் இருந்தால் அவரிடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் பயிற்சி வகுப்பைச் சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். வகுப்பில் உட்கார்ந்து வந்ததோடு விஷயம் முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

4. எந்த மருத்துவமனை, எந்த நேரம்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாகை ஒரத்தூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் மனநலப் பிரிவு உண்டு. மயிலாடுதுறைக்காரர்கள் முதலில் அரசு பெரியார் மருத்துவமனையில் கேட்கலாம். இவை தவிர மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வட்ட மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதைப் புறநோயாளிச் சீட்டு தரும் இடத்தில் கேளுங்கள். கிழமை மாறும், பழைய தகவலை நம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

புறநோயாளிப் பிரிவு காலையில்தான். எட்டு மணிக்கு முன் சீட்டு எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமையும், விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் அதிகம். புதன், வியாழன் நல்லது. முதல் தடவை பாதி நாள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பாரா (காவல் பணி) முடித்த கையோடு போனால் டாக்டரிடம் பேசத் தெம்பு இருக்காது. வார ஓய்வு நாளில் போங்கள். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார ஓய்வு தர 2021-லேயே அரசு உத்தரவு வந்துவிட்டது. உங்கள் நிலையத்தில் அது காகிதத்தில் மட்டும் இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவாவது கேட்டு வாங்குங்கள்.

சீருடையில் போகாதீர்கள். வரிசையில் முந்தலாம் என்று தோன்றும். முந்தும்போது மொத்த வராண்டாவும் பார்க்கும்.

உள்ளூரில் தெரிந்தவர் பார்ப்பார் என்றால் தஞ்சாவூர்க்காரர் திருச்சி அரசு மருத்துவமனைக்கும், மயிலாடுதுறைக்காரர் தஞ்சாவூருக்கும் போகலாம். ஆனால் நான்கு முறைக்குப் பிறகு பேருந்து அலுப்பே காரணமாகிச் சிகிச்சை நின்றுபோகும். தொடர்ந்து போய்வர முடிகிற தூரமா என்று முதலிலேயே யோசியுங்கள்.

சீட்டில் பொய்ப் பெயர் கொடுக்காதீர்கள். இதில் விழுகிறவர்கள் அதிகம். வேறு பெயரில் மூன்று மாதம் மாத்திரை வாங்கியவர், பின்னால் மருத்துவ விடுப்புக்குச் சான்று கேட்கும்போது, அந்த நோயாளி அவர்தான் என்று நிரூபிக்க வழி இருக்காது. உண்மைப் பெயர், சரியான வயது, சொந்த கைபேசி எண். தொழில் என்ற இடத்தில் "அரசு ஊழியர்" என்று எழுதினால் போதும்.

5. டாக்டருக்கு எடுத்துப்போக வேண்டியது

நெரிசலான புறநோயாளிப் பிரிவில் பேச நேரம் குறைவு. ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்: எப்போது ஆரம்பித்தது, ஒரு நாளில் எத்தனை மணி நேரத் தூக்கம், இரவுப் பணி மாதத்தில் எத்தனை, குடிப்பழக்கம் உண்டா, எவ்வளவு, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா, துப்பாக்கி கையில் எடுக்கும் பணியா, வண்டி ஓட்டும் பணியா, சர்க்கரை அல்லது ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா. மெடிக்கல் ஷாப்பில் சொந்தமாக வாங்கிப் போட்ட தூக்க மாத்திரையின் பட்டையையும் கொண்டுபோங்கள்.

பலர் டாக்டரிடம் "தூக்கம் வரவில்லை, தலைவலி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர் அதற்கு மட்டும் எழுதித் தருவார். அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள். விவரமாகச் சொல்ல முடியாவிட்டால் "பார்க்கக் கூடாததைப் பார்த்தேன், அதிலிருந்துதான்" என்றாவது சொல்லுங்கள். அந்த வாக்கியம் சீட்டில் ஏற வேண்டும். ஏன் என்பது பதினோராவது படியில் வருகிறது.

6. மாத்திரையும் தெரபியும்: எத்தனை நாள், எவ்வளவு

பொதுவாக முதலில் எழுதப்படுவது செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரைகள். இவை போதை மாத்திரைகளும் அல்ல, தூக்க மாத்திரைகளும் அல்ல. வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, சிலருக்குப் படபடப்பு அதிகமாவது உண்டு; பெரும்பாலும் அடங்கிவிடும். தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தர வழி இருக்கிறது. சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

ஐந்தாவது நாளே "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவது ஒரு தவறு. இரண்டு மாதத்தில் நன்றாகிவிட்டது என்று திடீரென்று நிறுத்துவது இன்னொன்று. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோவீர்கள். குறைப்பதும் டாக்டர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான்.

அல்பிரசோலாம், குளோனசெபாம் வகை மாத்திரைகள் உடனே தூங்க வைக்கும், அதனாலேயே பிடித்துப்போகும். சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் மூச்சுக்கே ஆபத்து. பி.டி.எஸ்.டி.க்கு இவை மருந்தும் அல்ல. கொடுத்தால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள்.

மாத்திரையைவிட முக்கியமானது பேச்சு சிகிச்சை. அதிர்ச்சியை மையமாக வைத்த சிந்தனை-நடத்தை சிகிச்சை வாரம் ஒரு முறையாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள் வரை போகும். கண் அசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. அதற்குப் பயிற்சி பெற்றவர் டெல்டாவில் எளிதில் கிடைப்பதில்லை. மனநலப் பிரிவில் மருத்துவ உளவியலாளர் இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். "கவுன்சலிங்" என்று பலகை வைத்திருக்கும் எல்லோரும் இந்தச் சிகிச்சை தெரிந்தவர்கள் அல்ல. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு உள்ளவரா என்று கேட்பதில் தவறில்லை.

இந்த அமர்வுகளை எப்போது தொடங்குவது என்பதைப் பந்தோபஸ்து காலண்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆடிப்பெருக்கு, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர் கந்தூரி, திருவாரூர் ஆழித்தேர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையும் புயலும். பாதியில் நின்றுபோகும் தெரபி புண்ணைத் திறந்துவிட்டுக் கட்டுப் போடாமல் விடுவது மாதிரி. தீயணைப்பு வீரர்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை ஓரளவு தோது. திருவிழா மாதம் வருகிறது என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிக் கூடுதல் நாளைக்கு மாத்திரை எழுதி வாங்குங்கள்.

அரசு மருத்துவமனையில் சீட்டு, மாத்திரை, தெரபி எதற்கும் காசில்லை. தனியாரிடம் போனால் ஒவ்வொரு முறையும் சில நூறு ரூபாய், தெரபி அமர்வுக்கு அதைவிடக் கூட. மாத்திரையை ஜெனரிக் பெயரில் எழுதச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். பிராண்டு விலையில் ஒரு பகுதிதான் ஆகும்.

7. விடுப்பு: பாஸ்போர்ட் முதல் ஃபிட்னஸ் வரை

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள்.

காவலர்கள் முதலில் செய்ய வேண்டியது நிலையத்தில் உடல்நலமில்லை என்று தெரிவித்து மெடிக்கல் பாஸ்போர்ட், அதாவது மருத்துவமனைக்குப் போக நிலையம் தரும் கடிதம், வாங்குவது. நிலைய அதிகாரி தருவார், பொது நாட்குறிப்பில் பதிவாகும். பாஸ்போர்ட்டில் எந்த மருத்துவமனை என்று எழுதியிருக்கிறதோ அங்கே முதலில் போங்கள். தர மறுத்தால், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு எடுத்து, அன்றைக்கே விண்ணப்பத்தை ஒப்புகை அட்டையோடு ஸ்பீடு போஸ்ட்டில் நிலைய அதிகாரிக்கும், நகலை மாவட்டக் காவல் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "சார் உடம்பு சரியில்லை" என்று போடும் செய்தி விண்ணப்பம் ஆகாது.

இதை ஏன் வலியுறுத்துகிறோம் என்றால், தகவல் இல்லாமல் 21 நாள் பணிக்கு வராத காவலரைப் பணியை விட்டு ஓடியவராக அறிவிக்கக் காவல் நிலை ஆணையில் இடம் இருக்கிறது. மனச்சோர்வில் படுத்துக் கிடக்கிறவர் போனை அணைத்துவிட்டுக் கிடப்பார். நாள் எண்ண மாட்டார். அலுவலகம் எண்ணும். அதன் பிறகு துறை ஒழுங்கு விதியின் 3(பி) குற்றச்சாட்டு, விசாரணை, சம்பள நிறுத்தம். வீட்டில் இருப்பவர்கள் இந்த ஒரு கணக்கையாவது கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரால் எழுத முடியாவிட்டால் மனைவியோ கணவரோ அண்ணனோ மருத்துவச் சான்றை இணைத்துக் கடிதம் அனுப்பலாம்.

சான்றில் இவை இருக்கிறதா என்று டாக்டர் அறையிலேயே பாருங்கள்: உங்கள் பெயரும் பதவியும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு, உங்கள் கையொப்பம், டாக்டரின் பதிவு எண், முத்திரை. கடந்துபோன தேதியைப் போட்டு எழுதிய சான்று வாங்காதீர்கள்.

இப்போது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். மனநலம் என்று எழுதினால் மானம் போகும் என்று பயந்து, தெரிந்த டாக்டரிடம் மஞ்சள் காமாலை, முதுகுவலி என்று சான்று வாங்குகிறார்கள். முதல் முறை வேலை நடக்கும். விடுப்பு நீளும்போது, அதுவும் 60 நாளைத் தாண்டினால், மருத்துவக் குழுவின் முன் நிற்க வேண்டியிருக்கும். அங்கே காமாலைக்கான ரத்தப் பரிசோதனை எங்கே என்று கேட்பார்கள். அதன் பிறகு உண்மையான நோயைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பொய்ச் சான்று கொடுத்ததே தனிக் குற்றமாகிவிடும்.

மாற்று வழி இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைக்க டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது. உண்மையை எழுதச் சொல்லுங்கள், ஆனால் அலுவலகத்துக்குத் தேவையான அளவு மட்டும். சம்பவத்தின் விவரம், வீட்டுச் சண்டை, குடி இவையெல்லாம் விடுப்புச் சான்றில் வர வேண்டியதில்லை. சான்றை ரைட்டர் (நிலைய எழுத்தர்) மேசையில் திறந்து போடாமல், உறையில் ஒட்டி யூனிட் அதிகாரி பெயருக்குக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள்.

விடுப்பில் இருக்கும்போது சொந்த ஊருக்குப் போவதாக இருந்தால் அந்த முகவரியை விண்ணப்பத்திலேயே எழுதி, தலைமையிடத்தை விட்டுச் செல்ல அனுமதி கேளுங்கள். நீட்டிப்பு தேவை என்றால் முதல் விடுப்பு முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களுக்கு விடுப்பின் அளவுக்கு அந்தப் பருவம் நீளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தீயணைப்புத் துறையில் விண்ணப்பம் நிலைய அலுவலர் வழியாக மாவட்ட அலுவலருக்குப் போகும். மற்றவை ஏறக்குறைய இதே.

எல்லாவற்றுக்கும் ஒரு ஃபைல் போடுங்கள். ஒவ்வொரு புறநோயாளிச் சீட்டும், மாத்திரைச் சீட்டும், தபால் ரசீதும் தேதி வரிசையில். அந்த ஃபைல் வீட்டில் இருக்கட்டும், பாரக்கில் வேண்டாம். சீட்டு தொலைந்துவிட்டால் மருத்துவமனையில் உங்கள் பதிவேட்டின் நகலைக் கேட்க அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் உரிமை உண்டு.

8. மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால்

சேர்த்துவிட்டால் வெளியே விடமாட்டார்கள் என்ற பயம் பழைய காலத்தது. நீங்களே கையெழுத்திட்டுச் சேர்ந்தால் நீங்களே கேட்டு வெளியே வரலாம். நிலைமையை மதிப்பிட டாக்டர் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்க மட்டும் சட்டம் இடம் தருகிறது. சம்பளத்தில் பிடிக்கப்படும் அரசு ஊழியர் நலக் காப்பீடு உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் உதவும், புறநோயாளிச் செலவுக்கு வராது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. இருந்தாலும் சேரும் முன்பே அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். அட்டை, ஊதியச் சீட்டு, ஆதார் மூன்றும் கையில் இருக்கட்டும்.

9. 108 ஊழியர்கள், ஊர்க்காவல் படையினர்

108-இல் பைலட்டும் (ஓட்டுநர்) இ.எம்.டி.யும் (அவசர மருத்துவ உதவியாளர்) அரசு ஊழியர்கள் அல்லர், ஆகவே மேலே சொன்ன விடுப்பு விதிகள் பொருந்தாது. ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சான்று வாங்கினால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் இரண்டு நாளுக்குத் தொகை கிடையாது. கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற சில நோய்கள் நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளன. அவற்றுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. இதற்கு இரண்டு வருடத் தொடர் வேலை வேண்டும். தனியார் டாக்டரின் சான்றை மட்டும் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு இ.எஸ்.ஐ.க்குப் போகாமல் இருப்பதால் பலர் இந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

ஊர்க்காவல் படையினருக்குப் பணிக்குப் போன நாளுக்குத்தான் படி. அரசு மருத்துவமனையே வழி.

10. துப்பாக்கி, ஸ்டியரிங், குடி

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது. அந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். ஏறும் அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரை முடிவு செய்கிறது. ஆயுத அறையில் ஒப்படைத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு, ஆயுதம் இல்லாத பணி கேளுங்கள். டாக்டரிடம் "சில வாரங்களுக்கு ஆயுதப் பணியும் இரவுப் பணியும் தவிர்க்கலாம்" என்று ஒரு வரி எழுதி வாங்கினால் கேட்பது எளிது. கார்டு எனப்படும் காவல் பணியில் உடன் இருப்பவர் இப்படிச் சொன்னால் கிண்டல் செய்யாதீர்கள். உடனே பொறுப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

வண்டி ஓட்டுபவர்கள் புது மாத்திரையின் முதல் சில நாள்களில் தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

பிணவறை வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர் என்பது எழுதப்படாத வழக்கமாகிவிட்டது. மது தூங்க வைக்கும், ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும், கனவுகள் மோசமாகும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் கோயிலில் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்போ, ஆள் தெரியாத குழப்பமோ வரலாம். அது உயிருக்கு ஆபத்து. அரசு மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். வீட்டார், அவருக்குத் தெரியாமல் குழம்பில் குடி மறக்கும் மாத்திரையைக் கலந்துவிடாதீர்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

குணசீலம் கோயிலுக்கோ நாகூர் தர்காவுக்கோ அழைத்துப் போக வீட்டில் பெரியவர்கள் விரும்பினால் தடுக்க வேண்டாம். 48 நாள் தங்கினாலும் மாத்திரை ஒரு வேளையும் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

11. வேலை போய்விடுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. சிகிச்சை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. பணிக்காலத்தில் மாற்றுத்திறன் ஏற்பட்ட அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது, இந்த வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20 சொல்கிறது. குறிப்பிட்ட பணிகளுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்கு தர அதே பிரிவில் இடம் இருப்பதால், உங்கள் பதவிக்கு அப்படி ஒன்று உண்டா என்று வழக்கறிஞரிடம் பாருங்கள்.

ஒழுங்கு நடவடிக்கை வந்துவிட்டவர்களுக்கு 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு முக்கியம். மத்திய ரிசர்வ் போலீஸ் அதிகாரி ஒருவரின் வழக்கு அது. குற்றம்சாட்டப்பட்ட நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாக இருந்தாலே சட்டப் பாதுகாப்பு உண்டு, அதுவே முழுக் காரணம் என்று நிரூபிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். ஐந்தாம் படியில் அந்த வாக்கியம் சீட்டில் ஏற வேண்டும் என்றது இதற்காகத்தான். மெமோ வந்த பிறகு வாங்கிய சான்றுக்கும், மெமோவுக்கு மூன்று மாதம் முன்பிருந்தே தொடர்ந்து இருக்கும் சீட்டுகளுக்கும் விசாரணையில் இருக்கும் மதிப்பு வேறு வேறு.

மெமோவுக்குப் பதில் எழுதக் கொடுத்த நாளுக்குள் பதில் கொடுங்கள். முடியாவிட்டால் மருத்துவக் காரணம் காட்டி அவகாசம் கேட்டு எழுதுங்கள். பதில் இல்லாமல் மட்டும் விடாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். எண் 15100.

தற்கொலைக்கு முயன்றவர் மீது வழக்கு வரும் என்ற பயத்தில் சிகிச்சைக்கே கொண்டுவராத குடும்பங்கள் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

பெண் காவலர்களுக்கு ஒன்று. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் இதே வழியில் சிகிச்சை பெறக்கூடியதே. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புபவர்களுக்குப் பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் வசிக்கும் மாவட்டத்தில் மூன்று ஆண்டு பணி வழங்கப்படும் என்று 2024-இல் முதலமைச்சர் அறிவித்தார். தனியாகப் பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுவதற்கு முன் அதற்கு விண்ணப்பியுங்கள்.

12. பணிக்குத் திரும்புதல்

விடுப்பு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். கடைசி நாள் போய் அவர் விடுப்பில் இருந்தால் ஒரு நாள் அதிகப்படியாகக் கணக்காகும். ஃபிட்னஸ் சான்று இல்லாமல் பணியில் சேர்க்க மாட்டார்கள். சான்றிலேயே "தொடர் சிகிச்சை தேவை, மாதம் ஒரு முறை மருத்துவமனை வர வேண்டும்" என்று எழுதி வாங்கினால், பின்னால் ஒவ்வொரு மாதமும் அனுமதிக்குக் கெஞ்ச வேண்டியதில்லை. முதல் மாதம் இரவுப் பணி குறைவாகவும், பிரேத விசாரணைக்கு அனுப்பாமலும் இருக்கக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் அதிகாரி மனு கேட்கும் ஆர்டர்லி ரூமில் மனுவாகக் கொடுங்கள்.

"எங்கே போயிருந்தாய்?" என்று கேட்பார்கள். "உடம்பு சரியில்லை, இப்போது பரவாயில்லை" என்பது போதுமான பதில். அதற்கு மேல் யாரிடம் சொல்வது என்பது உங்கள் விருப்பம்.

மாத்திரை குணமான பிறகும் பல மாதங்கள் தொடரும். எத்தனை மாதம் என்பதை டாக்டர் சொல்வார். அடுத்த முறை மாத்திரை தீர ஐந்து நாள் இருக்கும்போதே மருத்துவமனைக்குப் போகும் நாளைப் பணிப்பட்டியலில் குறித்துவிடுங்கள். திடீர் பந்தோபஸ்து வந்தாலும் கையில் நான்கு நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்.